குளியலறைத் தரையில் 48 மணி நேரம் நீர் நிற்கட்டும்

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

சென்னையின் தென்பகுதியில் உள்ள அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறார். வீடு கைக்கு வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. ஓராண்டாகக் கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையிலும் அதை ஒட்டிய படுக்கையறைச் சுவரிலும் ஓதம் ஏறி, பூச்சு உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கீழ்வீட்டுப் பெரியவர் நான்கைந்து முறை வந்து சொல்லிப் பார்த்தார். இப்போது படிக்கட்டில் எதிர்ப்பட்டாலும் பேசுவதில்லை. ஆறு மாதங்களுக்கு முன் டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி எபாக்சி என்ற பிசின் கலவையை நிரப்பியதில் கசிவு இரண்டு மாதம் நின்றது, பிறகு மீண்டும் தொடங்கிவிட்டது. குளியலறையை உடைத்துப் புதிதாகச் செய்யலாம் என்று முடிவெடுத்திருக்கிறார். “கலவையில் வாட்டர்ப்ரூஃப் திரவம் கலந்து பூசினால் போதும், 6 நாளில் முடித்துத் தருகிறேன்” என்கிறார் கொத்தனார். உடைக்கவே வேண்டாம், பழைய டைல்ஸ் மீதே புதியதை ஒட்டிவிடலாம் என்கிறார் மைத்துனர். வீட்டில் 78 வயது மாமியார் இருக்கிறார். கொத்தனார் சொல்வது போதுமா, செலவில் கட்டுநருக்கோ கீழ்வீட்டாருக்கோ பங்குண்டா, கீழ்வீட்டார் தம் கூரையின் அடிப்பக்கத்தில் ஏதாவது பூசிக்கொண்டால் தீராதா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். “நல்ல விலையில் விட்ரிஃபைடு டைல்ஸ் வாங்கி வைத்துவிட்டோம், இனி நீர் இறங்காது என்று நினைக்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டடப் பொறியாளனாக நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவற்றின் பின்னால் இந்த நம்பிக்கைதான் இருந்தது. விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 விழுக்காடு நீரைக்கூட உறிஞ்சாது என்பது உண்மை. ஆனால் உங்கள் தரை ஒரே டைல்ஸால் ஆனதன்று. இரண்டு டைல்ஸ்களுக்கு இடையிலான ஒவ்வோர் இடுக்கும், தரையும் சுவரும் சந்திக்கும் மூலையும், தரை நீர் வெளியேறும் துளையில் பதிக்கும் நானி டிராப்பின் விளிம்பும், குழாய் சுவரைத் துளைத்து வெளிவரும் இடமும் நீருக்கு வழிதான். அவற்றில் நிரப்பிய சிமென்ட் நாளடைவில் மயிரிழை போல் விரிசல் விடும். டைல்ஸ் தேய்மானத்தையும் அழுக்கையும் தாங்குகிறது. நீரைத் தடுக்க வேண்டியது அதன் அடியில் இருக்கும் பூச்சு. அந்தப் பூச்சு நாளை யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே அதைச் சோதிக்க உங்களுக்குக் கிடைப்பது, பூசி முடிந்த நாளுக்கும் டைல்ஸ் ஒட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் மட்டுமே.

உடைப்பதற்கு முன் காரணத்தை உறுதி செய்யுங்கள்

கீழ்வீட்டுக் கூரையில் தெரியும் ஈரம் மூன்று இடங்களிலிருந்து வரலாம்: சுவருக்குள் ஓடும் நல்ல தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், குளியலறைத் தரை. தரைதான் காரணம் என்று எண்ணி உடைத்து, புதிதாகச் செய்து முடித்த பிறகு, ஹீட்டருக்குச் செல்லும் குழாயின் ஓர் இணைப்புதான் ஒழுகியது என்று தெரிய வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிளம்பரை அழைத்து, அந்தக் குளியலறைக்கு வரும் நல்ல தண்ணீர்க் குழாயைக் கைப்பம்பு கொண்டு அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பம்பின் அழுத்தமானி முள் இறங்காமல் நின்றால் அந்தக் குழாய் மீதான சந்தேகம் தீர்ந்தது. அடுத்து நானி டிராப்பின் வாயை இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். நீரில் சமையலுக்கான சிவப்பு நிறத்தைக் கலந்துவிட்டால் கீழே தெரியும் ஈரம் புதியதா பழையதா என்று பிரித்தறிய முடியும். கசிவு கூடினால் தரையோ டிராப்பைச் சுற்றிய இணைப்போதான் காரணம். கூடாமல், அடைப்பை எடுத்து வாளி வாளியாக ஊற்றும்போது மட்டும் ஒழுகினால் கழிவுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையைக் கீழ்வீட்டாரிடம் சொல்லாமல் செய்துவிடாதீர்கள். திடீரென்று கசிவு கூடினால் அவர் என்ன நினைப்பார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எபாக்சி நிரப்பியபின் கசிவு இரண்டு மாதம் நின்றது என்ற உங்கள் குறிப்பு, தரைவழியாகவே நீர் இறங்குகிறது என்பதை நோக்கிக் கைகாட்டுகிறது. ஆயினும் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நம் ஊர் அடுக்ககங்களில் குளியலறைத் தளத்தை எட்டு அங்குலம் முதல் ஓரடி வரை பள்ளமாக வார்த்து, அந்தப் பள்ளத்துக்குள் குழாய்களை ஓட்டி, மேலே செங்கல் துண்டுகளைக் கொட்டி நிரப்புவது வழக்கம். இதைத்தான் கொத்தனார்கள் சன்கன் என்கிறார்கள். மேலிருந்து இறங்கும் நீர் அந்தப் பள்ளத்தில் தொட்டி போலத் தேங்கி நின்று, மெல்ல மெல்லக் கீழே கசியும். அதனால் நீங்கள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் பூட்டி வைத்தாலும் வாரக்கணக்கில் கீழே ஈரம் தெரியலாம். “பூட்டித்தானே வைத்திருக்கிறோம், பிறகு எப்படி எங்கள் வீட்டு நீராகும்” என்று கீழ்வீட்டாரிடம் வாதிட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த வாதம் நிற்காது.

மைத்துனரின் யோசனையும் கீழிருந்து பூசுவதும்

டைல்ஸ் மீது டைல்ஸ் ஒட்டுவது கசிவில்லாத குளியலறையின் தோற்றத்தை மாற்ற மட்டுமே உதவும். உங்கள் வீட்டில் நீர் ஏற்கெனவே பள்ளத்துக்குள் இருக்கிறது. அதன் மேல் இன்னொரு மூடி போட்டால், உள்ளே இருப்பது வெளியேறும் வழி கீழ்வீட்டுக் கூரை ஒன்றுதான். தரையும் அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்து, வாசற்படிக்குள் நீர் நிற்கும் ஆழம் குறையும்.

கீழ்வீட்டார் தம் கூரையின் அடிப்பக்கத்தில் பூசிக்கொள்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவ்வாறு பூசினால் சொட்டுவது சில காலம் நிற்கலாம், ஆனால் நீர் தளத்துக்குள்ளேயே சிறைப்படும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு அது மிகக் கெடுதல். கம்பி துருப்பிடித்தால் துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். ஒருநாள் அது பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அந்தக் கூரைக்கு அடியில் நிற்பவர் அந்தப் பெரியவர் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். நீரை அது வரும் பக்கத்திலேயே தடுக்க வேண்டும், அதாவது உங்கள் வீட்டில்.

கலவையில் கலக்கும் திரவமும் மேலே பூசும் பூச்சும்

உங்கள் கொத்தனார் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு ஏறத்தாழ 200 மில்லி என்ற அளவில் கலக்கும் அந்தத் திரவத்துக்கு ஐஎஸ் 2645 என்ற இந்தியத் தர அளவுகோலே இருக்கிறது. அது கலவையின் நுண்துளைகளைக் குறைத்து, நீர் ஊடுருவும் வேகத்தைத் தணிக்கிறது. ஆனால் கலவை சுருங்கி விரிசல் விட்டால் அந்த விரிசலை அதனால் மூட முடியாது. பிவிசி குழாயும் சிமென்ட்டும் சேரும் இடத்தில் உண்டாகும் இடைவெளியையும் அதனால் அடைக்க முடியாது. கசிவு தொடங்குவது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான். ஆகவே திரவத்தைக் கலக்கட்டும், அது நல்லதே. அதையே நீர்க்காப்பு என்று கணக்கில் எழுத வேண்டாம்.

உங்களுக்குத் தேவை ஒரு தொடர்ச்சியான படலம். நம்மூரில் எளிதாகக் கிடைப்பதும், பழகிய ஆள் எவரும் பூசக்கூடியதும், அக்ரிலிக் பாலிமர் திரவத்தையும் சிமென்ட் கலந்த தூளையும் சேர்த்துக் குழைத்துப் பூசும் இருபகுதிப் பூச்சு. சற்றே ஈரமான, நீர் தேங்காத தரையின் மீது இதைப் பூசலாம். டைல்ஸ் பசையும் அதன் மேல் நன்றாகப் பிடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு இன்னும் அதிகமாக இழுபடும் தன்மை கொண்டது, விரிசலை நன்றாகத் தாங்கும். ஆனால் தரை முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், விலையும் கூடுதல். மொட்டை மாடிகளில் விரிக்கும் தார்த்தாளைச் சிறிய குளியலறைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இத்தனை மூலைகளும் குழாய்களும் உள்ள இடத்தில் அதைப் பிசிறில்லாமல் ஒட்டுவது கடினம். இருபகுதிப் பூச்சே உங்கள் வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. எந்த நிறுவனத்தினுடையது என்பதைவிட, அதன் டின்னில் அச்சிட்டிருக்கும் கலவை விகிதத்தையும் பரப்பளவுக் கணக்கையும் பின்பற்றுகிறார்களா என்பதுதான் முக்கியம். நாற்பது சதுர அடிக்கென்று வாங்கியதை நீர்க்கத் தடவி நூறு சதுர அடிக்கு இழுத்துவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பூச்சும் பயன்படாது.

வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும்

சுவரின் டைல்ஸையும் தரையையும் பெயர்த்து, பள்ளத்தில் நிரப்பியிருக்கும் செங்கல் துண்டுகள் அனைத்தையும் அள்ளி எடுத்து, அடியில் இருக்கும் கான்கிரீட் தளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெரிய உடைப்பு இயந்திரத்தைத் தளத்தின் மீது வைக்க விடாதீர்கள். அதன் அதிர்ச்சியே புதிய விரிசலை உண்டாக்கும். கொஞ்சம் மெதுவாக நடந்தாலும் சுத்தியலும் உளியும் போதும். குழாய் பதிக்க வேண்டும் என்பதற்காகத் தளத்தைக் குடைவதையோ கம்பியை அறுப்பதையோ எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

பிறகு குழாய் வேலை. எல்லாக் குழாய்களும் பதிக்கப்பட்டு, பசை காய்ந்து, அழுத்தச் சோதனையும் முடிந்த பின்னரே பூச்சைத் தொட வேண்டும். பூச்சு முடிந்தபின் “ஒரே ஒரு குழாய் மட்டும்” என்று பிளம்பர் மீண்டும் உள்ளே வந்து சுவரைக் கொத்துவதுதான் நான் அடிக்கடி காணும் கேடு. மாமியாருக்காகக் கைப்பிடிக் கம்பிகள் வைக்க வேண்டுமென்றால் அவை எங்கே வரும் என்பதையும் இப்போதே குறித்துவிடுங்கள். பின்னால் துளையிடும் ஒவ்வொரு திருகும் படலத்தைத் துளைக்கும்; அந்தத் துளைக்குள் சிலிகான் நிரப்பித்தான் திருகை இறக்க வேண்டும். தரையில் திருகிப் பொருத்தும் கழிப்பறைக் கோப்பைக்கும் இதே விதி.

தளத்தைத் துளைத்துச் செல்லும் ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் பழைய கலவையை விரலளவு கொத்தி எடுத்து, காயும்போது சுருங்காத கிரௌட் என்ற நிரப்புக் கலவையைக் கொண்டு நிரப்பச் சொல்லுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலை செங்கோணமாக இருந்தால் பூச்சு அங்கே மெலிந்து கிழியும்; ஆகவே பாலிமர் கலந்த கலவையால் மூலை நெடுகிலும் இரண்டு அங்குலத்துக்குச் சரிவான வளைவு கொடுக்க வேண்டும். அந்த வளைவின் மீதும் டிராப்பைச் சுற்றியும் முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையைப் பதிக்க வேண்டும். இந்த இரண்டு இடங்களுக்கும் ஒதுக்கும் நேரத்தில் சுருக்கம் காட்டினால் மற்றதெல்லாம் வீண்.

பூச்சு இரண்டு முறையாவது வேண்டும். முதலாவது கிழக்கு மேற்காகப் போனால் இரண்டாவது வடக்கு தெற்காக. சுவரில் எவ்வளவு உயரம் என்று கேட்டால், ஷவர் பக்கம் ஏழடி, மற்றப் பக்கங்களில் தரையிலிருந்து குறைந்தது ஓரடி என்பது வழக்கம். கீழ்வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியிருப்பதால், அதற்கு நேர் மேலே உள்ள உங்கள் சுவரையும் ஏழடிக்குப் பூசிவிடுங்கள்.

பள்ளமுள்ள குளியலறைக்குப் பூச்சு இரண்டு அடுக்கில் வேண்டும். முதல் அடுக்கு பள்ளத்தின் அடியில், கான்கிரீட் தளத்தின் மீது. அது காய்ந்து, சோதனையில் தேறியபின், கிழியாதிருக்க மெல்லிய கலவை ஒன்றை மேலே போட்டு, பள்ளத்தை நிரப்பலாம். உடைத்தெடுத்த பழைய குப்பையையே திரும்பக் கொட்டுவார்கள், வேண்டாம். காற்றறைகள் நிறைந்த, எடை குறைந்த ஏஏசி கான்கிரீட் கல் துண்டுகளைக் கலவையோடு சேர்த்து நிரப்புவது மேல். பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து குழாய்த் தண்டு ஓடும் வெளிச்சந்துக்கு ஒரு சிறிய வடிகுழாய் விட வாய்ப்பிருந்தால் தவறவிடாதீர்கள். எதிர்காலத்தில் எப்போதாவது நீர் இறங்கினால், அது கீழ்வீட்டுக்குப் போவதற்கு முன் அந்தக் குழாயில் சொட்டி உங்களுக்குச் சொல்லிவிடும்.

நிரப்பியதன் மேல் தளக்கலவை போடும்போதே வாட்டம், அதாவது நீர் ஓடும் சரிவு, வந்துவிட வேண்டும்: டிராப்பை நோக்கி 80 அடிக்கு ஓரடி என்ற கணக்கில், எட்டடி நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக. பல கொத்தனார்கள் தளக்கலவையைச் சமமாக விட்டு, டைல்ஸ் ஒட்டும்போது வாட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் டைல்ஸின் மேல் விழுந்த நீர் ஓடிவிடும். இடுக்கு வழியே இறங்கிய நீர், சமமான படலத்தின் மேல் போக வழியின்றி நின்று நாறும். படலத்துக்குக் கீழேயே வாட்டம் இருக்க வேண்டும். தளக்கலவைக்கு ஒரு வாரம் நீர் ஊற்றி ஆற்றியபின், அதன் மேல் இரண்டாவது அடுக்குப் பூச்சு.

இந்த வரிசையைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். ஆறு நாளில் முடிப்பதென்றால் காய்வதற்கும் சோதிப்பதற்குமான நாட்களைத்தான் விட்டிருக்கிறார்கள்.

நீர் நிறுத்திப் பார்ப்பது

கடைசிப் பூச்சு முடிந்து, டின்னில் குறித்திருக்கும் நாட்கள், பொதுவாக மூன்று நாட்களாவது, காய விட்ட பிறகு டிராப்பை அடைத்து இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்துங்கள். சுவரில் நீர்மட்டத்தைக் கோடிட்டு, 48 மணி நேரம் அப்படியே விடுங்கள். பள்ளத்தின் அடியில் செய்யும் முதல் சோதனைக்கும் இதே உயரம் போதும். பள்ளம் முழுவதையும் நிரப்ப வேண்டாம். ஓரடி நீர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை, அதைத் தளத்தின் மீது ஏற்றத் தேவையில்லை. கோடு சற்று இறங்கினால் அது ஆவியானதாகவும் இருக்கலாம், எனவே உங்கள் கோட்டைவிடக் கீழ்வீட்டுக் கூரைதான் நம்பகமான சாட்சி. அந்தப் பெரியவரையே அழைத்து, சோதனை தொடங்கும்போதும் முடியும்போதும் தம் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்திலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டாக நொந்திருப்பவருக்கு, “நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் டைல்ஸ் ஒட்டப் போகிறோம்” என்று நீங்கள் சொல்வதே பாதி ஆறுதல்.

டைல்ஸை சிமென்ட் பால் ஊற்றி ஒட்டாமல், ஐஎஸ் 15477 தர அளவுகோலுக்கு உட்பட்ட டைல்ஸ் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். நீரை உறிஞ்சாத விட்ரிஃபைடு டைல்ஸில் வெறும் சிமென்ட் சரியாகப் பிடிக்காது. இடுக்குகளுக்கு எபாக்சி நல்லதுதான், சென்ற முறை அது தோற்றதற்கு அதன் அடியில் ஒன்றும் இல்லாததே காரணம்.

செலவு யாருடையது

நில மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3), வேலைத்தரக் குறைகளுக்குக் கட்டுநரைப் பொறுப்பாக்குகிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் குறையைத் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். உங்களுக்கு 9 ஆண்டுகள் கடந்துவிட்டதால் அந்தக் கதவு மூடிவிட்டது என்றே கொள்ளுங்கள். அந்த 5 ஆண்டுகளுக்குள் நீங்கள் எழுத்து மூலம் புகார் அளித்திருந்தால் மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் பாருங்கள்.

கீழ்வீட்டார் பாதிச் செலவை ஏற்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது. உங்கள் குளியலறையின் பராமரிப்பு உங்களுடையது. அதிலிருந்து சென்ற நீர் அவர் வீட்டைக் கெடுத்திருக்கிறது என்று உறுதியானால், இழப்பீடு கேட்கும் இடத்தில் இருப்பவர் அவர். விதிவிலக்கு ஒன்று உண்டு: பல வீடுகளுக்கும் பொதுவாக மேலிருந்து கீழ்வரை ஓடும் கழிவுநீர்த் தண்டுக்குழாயில் ஓட்டை என்று சோதனையில் தெரிந்தால், அது பொதுச்சொத்து என்ற அடிப்படையில் சங்கத்திடம் கேட்கலாம். உங்கள் சங்கத்தின் துணைவிதிகளை எடுத்துப் படியுங்கள்.

ஒப்பந்தக்காரரின் விலைப்பட்டியலில் “வாட்டர்ப்ரூஃப்” என்று ஒற்றைச் சொல் மட்டும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எந்தப் பூச்சு, எத்தனை முறை, சுவரில் எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரச் சோதனை, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று ஒவ்வொன்றையும் எழுதி வாங்குங்கள். கடைசித் தவணைப் பணத்தைச் சோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். எழுத்தில் இருந்தால்தான், பின்னர் குறை ஏற்படும்போது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடப் பிடிமானம் இருக்கும். அதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

கீழ்வீட்டுக் கூரையைச் சரிசெய்து தருவதாகச் சொன்னது நல்ல முடிவு, ஆனால் அவசரப்பட்டு உடனே பெயின்ட் அடித்துவிடாதீர்கள். கசிவு நின்ற பிறகும் தளத்துக்குள் ஊறிய ஈரம் வெளியேறப் பல வாரங்கள் ஆகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் தாமதமாகும். உப்பிய பூச்சை மட்டும் இப்போதே தட்டி எடுத்துவிட்டு, கூரை காற்றில் உலரட்டும். தட்டும்போது துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அந்த வேலையைப் பெயின்டரிடம் விடாமல், துருவைத் தேய்த்தெடுத்துக் கம்பிக்குக் காப்புப் பூசி, பாலிமர் கலவையால் மூடத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். இதையும் வேலை தொடங்கும் முன்பே அந்தப் பெரியவரிடம் நேரில் சென்று, எந்த வாரத்தில் எது நடக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.